ஊறற் கணக்கும் கொழுந்துத் தராசும்

டயகமவின் பனி மூடிய மலைச்சரிவுகளில் நாளெல்லாம் கொழுந்து பறித்த பெண்கள் மாலையில் மடுவத்துக்கு வந்து சேர்கின்றனர். தராசின் முள்ளில் எத்தனை கண்கள் பதிந்து நிற்கின்றன! முள் காட்டும் நிறையிலிருந்து சாக்கின் பாரம் என்றும், இலையின் ஈரம் என்றும் சில கிலோ கழிக்கப்படுவதாக மலையகத் தோட்டங்கள் பலவற்றில் நெடுங்காலமாகக் குறை கூறப்படுகிறது. அக்கழிவு நியாயமானதுதானா என்று சோதிக்க வழியுண்டா? உண்டு. அவ்வழியை இதே மலைநாட்டில் வேரூன்றியிருந்த மற்றொரு தொழில் நமக்குக் கற்றுத்தருகிறது. அது பியர் காய்ச்சும் தொழில். மதுவுக்குப் புகழ் பாடுவது நம் நோக்கமன்று. அத்தொழிலின் கணக்கே நமக்கு வேண்டுவது.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை மலையேறியது. துரைமாரின் தாகம் தீர்க்க 1881இல் நுவரெலியாவில் பியர் ஆலை ஒன்று எழுந்தது. 1990களின் இறுதியில் அத்தொழில் பியகமவுக்குப் பெயரும்வரை, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அங்கே ஊறல் போடப்பட்டது.

முளைவித்து உலர்த்திய பார்லியை நொறுக்கி, ஏறத்தாழ 65 பாகை வெந்நீரில் ஊறவைத்தால், தானியத்திலுள்ள நொதியங்கள் மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும். வடித்தெடுத்த சாற்றில் இனிப்பு எவ்வளவு என்பதை நீரமானி சொல்லும். தண்ணீரின் தன்னீர்ப்பு 1000 எனக் கொள்வோம். 1 கிலோ நல்ல தானியத்தின் முழு இனிப்பும் 1 லீற்றர் சாற்றில் ஏறத்தாழ 300 புள்ளிக்குச் சமமெனில், 5 கிலோ 1500 புள்ளி தரவேண்டும். கிடைத்த சாறு 25 லீற்றர், அதன் தன்னீர்ப்பு 1048 ஆயின், 48ஐ 25ஆல் பெருக்க 1200 வரும். 1500இல் 1200 கிடைத்தது. ஆகவே ஊறலின் வினைத்திறன் நூற்றுக்கு 80. எஞ்சிய 20 சக்கையோடு போயிற்று. எட்டாம் வகுப்பு மாணவனும் போடக்கூடிய விகிதக் கணக்குத்தான் இது.

ஆனால் இக்கணக்கு எளிதில் பிறந்ததன்று. தலைமுறை தலைமுறையாக நாவையும் கைப்பழக்கத்தையுமே நம்பியிருந்தனர் பிரித்தானிய ஆலைக்காரர். ஜோன் ரிச்சர்ட்சன் என்பவர் 1784இல் வெளியிட்ட நூல் அளவுமானியின் பயனை விளக்கிற்று. மலிவென்று கருதப்பட்ட பழுப்புத் தானியம் உண்மையில் குறைந்த இனிப்பையே தருகிறது என்பது அளந்தபின்னரே வெளிப்பட்டது.

அரசும் இக்கணக்கைக் கையிலெடுத்தது. 1880இல் பிரித்தானியா தானிய வரியை நீக்கி, இனிப்புச் சாற்றின்மீது வரி விதித்தது. 1057 தன்னீர்ப்புடைய 36 கலன் சாற்றுக்கு 6 சிலிங் 3 பென்ஸ். 2 புசல் தானியம் அந்த அளவு சாற்றைத் தரவேண்டும் எனவும் சட்டமே வகுத்தது. சாற்றைக் குறைத்துக் காட்டினால் தானியம் காட்டிக்கொடுக்கும். தானியத்தை ஒளித்தால் சாறு காட்டிக்கொடுக்கும். முதலாளிக்கும் அரசுக்கும் இடையே ஏமாற்று நிகழாதிருக்க, உள்ளே சென்றதும் வெளியே வந்ததும் ஒன்றையொன்று சோதித்தன.

இனி மடுவத்துக்குத் திரும்புவோம். 100 கிலோ பச்சைக் கொழுந்து சுமார் 22 கிலோ தேயிலையாகும். நூற்றுக்குப் பத்துக் கிலோ கழித்து, 90 கிலோ என்று பற்றெழுதுவதாகக் கொள்வோம். கழித்தது உண்மையிலேயே மழைநீரும் சாக்கும் எனில், விளைவது 20 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். மாறாக 22 கிலோ விளைந்தால், கணக்கேட்டில் விகிதம் நூற்றுக்கு 24ஐத் தாண்டும். கொழுந்து திடீரெனச் சாரம் மிகுந்துவிட்டதா? இல்லை. கழிக்கப்பட்ட பத்துக் கிலோவும் கொழுந்தே. அது கூலியாகவில்லை, ஆனால் தேயிலையாகிவிட்டது. ஒருநாள் விகிதம் காலநிலையால் மாறலாம். மாதக்கணக்கான சராசரி பொய் சொல்லாது.

2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா எனச் சம்பளச் சபை வழியே விதிக்கப்பட்டபின், பல தோட்டங்களில் பறிக்கவேண்டிய கிலோ உயர்த்தப்பட்டது. கிலோ குறைந்தால் ‘அரைப் பேர்’ மட்டுமே. அவ்வாறிருக்க, ஒவ்வொரு கிலோவும் ஒரு குடும்பத்தின் உணவன்றோ!

அன்று இருதரப்பாரிடமும் அளவுமானி இருந்தது. இன்று தராசும் தொழிற்சாலைக் கணக்கேடும் ஒரே கையில் இருக்கின்றன. நிறுவையில் தொழிலாளரின் பிரதிநிதி ஒருவர் நிற்கவேண்டும். கொழுந்துக் கணக்கும் தேயிலைக் கணக்கும் மாதந்தோறும் அருகருகே எழுதி வைக்கப்படவேண்டும். லயத்துப் பிள்ளைக்கு நாம் கற்பிக்கும் விகிதக் கணக்கு, அவன் தாயின் கூடையை நிறுத்துப் பார்க்கவும் உதவட்டும்.