வாடிவாசலும் வகுப்பறையும்

அதிராம்பட்டினம் கடலோர ஊர். இங்கே உப்பளமும் தென்னந்தோப்பும் உண்டு, வாடிவாசல் இல்லை. ஆயினும் தை பிறந்து கல்லூரி திறந்ததும், கந்தர்வகோட்டைப் பக்கத்து மானாவாரி ஊர்களிலிருந்து வந்து படிக்கும் மாணவரில் எவரேனும் ஒருவர் கையில் கட்டோடு வருவது வழக்கம். முல்லைக்கலி நடத்திய ஒருநாள் அப்படி வந்தவனிடம், "மாடு பிடிக்க யாரிடமப்பா கற்றாய்?" என்று கேட்டேன். "சித்தப்பாகிட்டங்க ஐயா. அவருக்கு இடுப்பு போனதுக்கப்புறம் நானாத்தான்" என்றான். அவ்விடையே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

கலித்தொகையின் முல்லைப் பகுதியைச் சோழன் நல்லுருத்திரன் பாடியதாகக் கொள்வது மரபு. ஏறு தழுவும் ஆயரிளைஞரின் வீரத்தைப் பாடிய புலவர், கொம்பு கிழித்துக் குடல் சரிந்தவரையும் மறைக்கவில்லை. சி.சு.செல்லப்பாவின் 'வாடிவாசல்' குறுநாவலிலோ, தந்தையின் உயிரைப் பறித்த காளையை அடக்க மகன் வந்து நிற்கிறான். இரண்டு இடத்திலும் மாடு பிடிக்கும் வித்தை குடிவழியாகவே வருகிறது. ஆசான் என்று தனியே ஒருவர் இல்லை.

வழக்காறாக இருந்தது சட்டப் பொருளானது நம் காலத்தில்தான். ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி கேட்டு வந்த வழக்கொன்றில் 2006ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தந்த தீர்ப்பு சல்லிக்கட்டையும் சேர்த்தே தடுத்தது. தமிழக அரசு 2009இல் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றியது. 2011இல் மத்திய அரசு, காட்சிப்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7 அன்று உச்சநீதிமன்றம் முற்றாகத் தடை விதித்தது. 2017 சனவரியில் மெரினாவில் திரண்ட மாணவர்களால் அவசரச் சட்டம் பிறந்தது. அதன் வழிவந்த சட்டத்திருத்தம் செல்லும் என ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2023 மே 18 அன்று உறுதிசெய்தது.

கடல் கடந்த ஒரு செய்தியை இங்கே ஒப்புநோக்கலாம். அமெரிக்க மாடு மேய்ப்போரின் அன்றாடத் தொழிலிலிருந்து பிறந்த விளையாட்டு ரோடியோ. கயிறெறிந்து கன்றைப் பிடிப்பதும், திமிறும் காளையின் முதுகில் எட்டு நொடி தாக்குப்பிடிப்பதும் அதில் அடங்கும். 1947இல் கிளாட் மல்லின்ஸ் என்ற டெக்சாஸ் கல்வியாளர் அதைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார். ஹாலட்ஸ்வில் என்னும் சிற்றூரில் உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கென்றே போட்டி நடத்தினார். அம்முயற்சி தேசிய சங்கமாக வளர்ந்தது; பல மாநிலங்களில் கிளைகள் தோன்றின. படிப்பில் தேறாத மாணவன் அங்கே களமிறங்க முடியாது. அங்கும் எலும்பு முறிகிறது. விலங்கு நல ஆர்வலரின் கண்டனமும் எழுகிறது. எனினும் இளையோரின் ஆர்வத்தைக் கல்வியோடு பிணைத்தவர் ஓர் ஆசிரியர் என்பது என்னைச் சிந்திக்க வைக்கிறது.

நம் சட்டங்கள் காளைக்கு மருத்துவச் சோதனை கேட்கின்றன, களத்துக்குத் தடுப்பரண் கேட்கின்றன. வேண்டியவைதாம். ஆனால் விழும்போது எப்படி விழவேண்டும், எந்தக் காளையை விட்டு விலகவேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லித்தர இடுப்பொடிந்த சித்தப்பாவைத் தவிர வேறெவரும் இருக்கவில்லை. விளையாட்டை மீட்டவர்கள் மாணவர்கள். அவர்களுக்கு நாம் திருப்பிச் செய்தது என்ன?

அவ்வாண்டுப் பருவத் தேர்வில் அவன் வலக்கை இன்னும் கூடவில்லை. அவன் சொல்லச் சொல்ல வேறொருவர் விடையெழுதினார். முல்லைக்கலி வினாவுக்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தான்.