கோடீஸ்வரன் வழக்கு

சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய இலங்கையின் தனிச் சிங்களச் சட்டத்தை (1956) நீதிமன்றத்தில் நேருக்கு நேர் எதிர்த்த வழக்கு. கொழும்பு புதுக்கடையில் தொடங்கி 1969இல், அன்று இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) வரை சென்றது. சட்டத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய தமிழ்ச் சட்டத்தரணிகளின் வரலாற்றில் நடுநாயகமானது இது.

இனப் பாகுபாட்டை எதிர்க்கும் சட்டத்தரணி என்றதும் உலகம் நினைப்பது ஹார்ப்பர் லீயின் 1960ஆம் ஆண்டு நாவலில் வரும் அட்டிக்கஸ் ஃபிஞ்ச்சை. அமெரிக்காவின் அலபாமாவில், செய்யாத குற்றத்துக்காக நிறுத்தப்பட்ட கறுப்பினத்தவர் ஒருவருக்காக அவர் வாதாடுகிறார். அந்த வழக்கில் ஏட்டில் உள்ள சட்டம் சமம் என்கிறது. வெள்ளையரான ஜூரிகளே அதை வளைக்கிறார்கள். கொழும்பில் நிலைமை வேறு. இங்கே வளைந்திருந்தது ஏடுதான்.

இலங்கையில் அன்று நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு, எந்த ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ பாதகமான சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்று விதித்திருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது இந்தப் பிரிவு முதலில் உரசிப் பார்க்கப்பட்டது. 1953இல் கோடகன் பிள்ளை வழக்கில் கோமறைக் கழகம் கைவிரித்தது. தன் குடிகள் யார் என்று வரையறுப்பது ஒரு நாட்டின் சட்டமன்றத்துக்கு இயல்பான வேலை, ஆகவே பாகுபாடு இல்லை என்பதே அத்தீர்ப்பின் போக்கு. தோட்டத் தொழிலாளியின் வாக்கு எங்கே போயிற்று என்று பார்க்க மறுத்த தீர்ப்பு அது.

செ. கோடீஸ்வரன் அரச எழுதுவினைஞர் சேவையில் இருந்த தமிழர். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாதவர்களுக்குச் சம்பள ஏற்றம் இல்லை என்று 1961 டிசம்பரில் திறைசேரி சுற்றறிக்கை விட்டது. 1962 ஏப்ரலில் அவருக்கு வரவேண்டிய ஏற்றம் நிறுத்தப்பட்டது. தொகை சிறியது. ஆனால் அந்தச் சில ரூபாய்களுக்காகத் தொடுத்த வழக்கு, மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை நீதிபதியின் மேசையில் வைத்தது. அவருக்காக வாதாடியவர் இராணி வழக்கறிஞர் சி. ரங்கநாதன்.

1964 ஏப்ரலில் மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர், தனிச் சிங்களச் சட்டம் 29(2)ஐ மீறுவதால் செல்லாது என்று தீர்த்தார். ஒரு மாவட்ட நீதிபதிக்கு அது பெருந்துணிவு. தமிழர் அவரை நன்றியோடு நினைவில் வைத்திருக்க வேண்டும். சட்டமா அதிபர் மேன்முறையீடு செய்தார். 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசின் மீது வழக்குத் தொடரவே முடியாது என்று கூறி, மொழிக் கேள்வியைத் தொடாமலே தீர்ப்பைக் கவிழ்த்தது. 1969 டிசம்பரில் கோமறைக் கழகம் அதைத் தவறென்றது: ஊழியர் வழக்காடலாம், அரசியலமைப்புக் கேள்வியை உயர் நீதிமன்றமே விசாரிக்கட்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது.

அந்த விசாரணை நடந்து முடிவு வரவே இல்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 குடியரசு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவே இல்லாமற் போயிற்று. அந்த அரசியலமைப்பை வரைவதில் முன்னின்ற அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா, பெயர்பெற்ற வழக்கறிஞர்; 1956இல் ஒரு மொழிக் கொள்கை நாட்டை இரண்டாக்கும் என்று எச்சரித்தவரும் அவரே. இந்த வரலாற்றில் மன்னிக்கக் கடினமான திருப்பம் இது.

1976இல் தமிழ்த் தலைவர் அ. அமிர்தலிங்கமும் மற்றத் தலைவர்களும், துண்டுப்பிரசுரம் விநியோகித்ததாகத் தொடுக்கப்பட்ட வழக்கில், ஜூரிகள் இல்லாத நீதிபதிகள் குழு (ட்ரயல் அட் பார்) முன் நிறுத்தப்பட்டபோது, குடியுரிமைச் சட்டக் காலத்தில் அரசியலில் பிரிந்த வழக்கறிஞர்களான ஜீ. ஜீ. பொன்னம்பலமும் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் ஒரே பக்கத்தில் எழுந்து நின்றார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட சட்டத்தரணிகள் உடனிருந்தனர். 1972 அரசியலமைப்பே செல்லாது என்ற அவர்களது வாதத்துக்குள் நீதிமன்றம் நுழையவில்லை. அவசரகால விதிகளின் குறையைக் காட்டியே விடுதலை கிடைத்தது. பொன்னம்பலமும் செல்வநாயகமும் 1977இல் சில மாத இடைவெளியில் காலமானார்கள்.

பின்வந்த தலைமுறை உயிரையும் விலையாகக் கொடுத்தது. பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதிகளுக்காக வாதாடிய குமார் பொன்னம்பலம், ஜீ. ஜீ.யின் மகன், 2000 ஜனவரி 5 அன்று கொழும்பு வெள்ளவத்தையில் சுட்டுக் கொல்லப்பட்டார். நீதிமன்றப் போராட்டம் அதன் பின்னும் தொடர்ந்தது. 2007 ஜூன் 7 அதிகாலையில் கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக் கிழக்குக்கு அனுப்பப்பட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்ய, மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இங்கே நீதிமன்றம் விரைந்து செயற்பட்டது. அதையும் சொல்லியாக வேண்டும்.

சட்டம் பயிலும் தமிழ் மாணவர்களே, கோடீஸ்வரன் வழக்கின் 1964, 1967, 1969 தீர்ப்புகளை வரிசையாக எடுத்து வாசியுங்கள். இனத்தைப் பற்றிய கேள்விக்கு நேராகப் பதில் சொன்னது அவற்றில் முதலாவது மட்டுமே.