வாசலில் நிற்கும் கேள்வி
இரண்டாம் மேல்முறையீட்டின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

முன்சீப் கோர்ட்டில் தோற்று, சப்-கோர்ட்டிலும் தோற்று, ஒரு நிலத்தகராறு உயர்நீதிமன்றப் படியேறும்போது ‘யார் பக்கம் நியாயம்?’ என்று அங்கே முதலில் யாரும் கேட்பதில்லை. ‘இதில் கொஸ்டின் ஆஃப் லா என்ன?’ என்றே கேட்கிறார்கள். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 100ஆம் பிரிவின்படி, கனமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தால்தான் இரண்டாம் மேல்முறையீடு. மேல்முறையீடு செய்பவர் அதைத் துல்லியமாக எழுதித் தரவேண்டும். நீதிபதிக்குத் திருப்தியானால் அவர் அதை வகுத்தெழுதுவார். விசாரணை அந்தக் கேள்வியின் மேல்தான். கேள்வி இல்லையா, கேஸ் வாசலோடு சரி.

நான் வக்கீல் அல்ல. தீர்ப்புகளைப் பிரதிகளாக வாசிக்கிறவன். எனக்குள்ள பிரச்சினை இதுதான்: எது ‘சட்டம்’, எது வெறும் ‘சங்கதி’ என்று கோடு போடுவது எது? அந்தக் கோடு இயற்கையாக அங்கே கிடந்தது போலப் பேசுகிறார்கள். ஆனால் அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1859இன் சிவில் நடைமுறைச் சட்டம் ‘விசேஷ அப்பீல்’ என்ற ஒன்றை வைத்திருந்தது. தீர்ப்பு சட்டத்துக்கோ, சட்டத்தின் வலுவுள்ள வழக்கத்துக்கோ முரணாக இருந்தால் மேலே போகலாம். நடைமுறையில் பெரிய கோளாறு என்றாலும் போகலாம். சங்கதியில் பிழை என்று போக முடியாது. கீழ்க்கோர்ட் சங்கதியில் செய்த பிழை எவ்வளவு மோசமாக, மன்னிக்க முடியாததாகத் தோன்றினாலும் உயர்நீதிமன்றம் அதில் கைவைக்கக் கூடாது என்று 1890இல் பிரிவி கவுன்சில் அடித்துச் சொன்னது (துர்கா சௌத்ராணி வழக்கு). 1908இன் சட்டமும் இதே ஏற்பாட்டைத் தொடர்ந்தது.

‘கனமான சட்டக் கேள்வி’ என்ற சொற்றொடர் அப்போது இந்த வாசலுக்கு உரியதாக இல்லை. அது லண்டன் வாசலுக்கு உரியது. 1908 சட்டத்தின் 110ஆம் பிரிவின்படி, பத்தாயிரம் ரூபாய்க்குக் குறையாத வழக்குதான் பிரிவி கவுன்சிலுக்குக் கப்பலேறலாம். கீழ்க்கோர்ட்டின் தீர்ப்பை உயர்நீதிமன்றம் உறுதிசெய்திருந்தால் கனமான சட்டக் கேள்வியும் வேண்டும். கேள்வி தேசத்துக்கே பொதுவானதாக இருக்க வேண்டியதில்லை, வழக்காடுபவர்களுக்கிடையே கனமாக இருந்தால் போதும் என்றது 1927இன் பிரிவி கவுன்சில் தீர்ப்பு. பிறகு சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு ஆயம் (சுப்பாராவ் எதிர் நூனி வீரராஜு, 1951) உரைகல் ஒன்றைத் தந்தது: இருதரப்பும் நியாயமாக வாதிட இடமிருந்தால் அது கனமான கேள்வி, தீர்ந்துபோன கோட்பாட்டைச் சங்கதிகளுக்குப் பொருத்துவது மட்டும் என்றால் அல்ல. 1962இல் சுனிலால் மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றம் இதைப் பெருமளவு ஏற்றது. இந்த இரண்டுமே டெல்லிக்கு மேல்முறையீடு போவது பற்றியவை.

1973இல் சட்டக்குழுவின் 54ஆம் அறிக்கை இரண்டாம் மேல்முறையீட்டைச் சுருக்கச் சொன்னது. 1976 திருத்தம் அந்தச் சொற்றொடரைத் தூக்கிவந்து 100ஆம் பிரிவில் நட்டது. ஜமீன் வழக்குகள் கடல்தாண்டலாமா என்று பார்க்கச் செய்த முழக்கோலால் இப்போது அரைக்காணி வரப்புத் தகராறை அளக்கிறோம்.

அந்தத் திருத்தத்தில் ஒரு சொல் காணாமல் போனதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அது ‘வழக்கம்’. இதே மதராஸ் மாகாணத்தின் இராமநாதபுரம் வழக்கில்தான் (1868), தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் சாஸ்திரப் பிரதியையே விஞ்சும் என்று பிரிவி கவுன்சில் சொல்லியிருந்தது. 1859இலும் 1908இலும் சட்டத்துக்குப் பக்கத்திலேயே பெயர்சொல்லி உட்கார்ந்திருந்த வழக்கம், 1976க்குப் பிறகு சட்டத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் உள்ளே வரமுடியும். வேறு மாதிரி இருந்திருக்க முடியாதா என்றால், இருக்கிறது. 1918இன் பஞ்சாப் நீதிமன்றங்கள் சட்டம், 41ஆம் பிரிவு, வழக்கத்தை இன்னும் வைத்திருக்கிறது. அது செல்லும் என்று 2016இல் உச்சநீதிமன்ற அரசியல்சாசன அமர்வு சொல்லிவிட்டது (பங்கஜாட்சி வழக்கு). ஆக, பஞ்சாப், ஹரியானாவில் ஒரு வாசல், நமக்கு வேறொரு வாசல்.

சரி, நடைமுறையில் எது உள்ளே போகிறது? பத்திரத்தின் வாசகத்துக்குச் சட்டப்படி என்ன விளைவு என்பது சட்டக் கேள்வி. ‘எங்க தாத்தா காலத்திலிருந்து நாங்கதான் உழுறோம்’ என்பது சங்கதி. ஆக, காகிதம் வைத்திருப்பவனின் குறைக்குக் கேள்வியாக மாறும் வசதி இருக்கிறது. வாய்வார்த்தைக் குத்தகைக்காரனின் குறை சாட்சிக் கூண்டோடு முடிந்துவிடுகிறது. சாட்சியமே இல்லாமல் எழுதிய முடிவு, விபரீதமான முடிவு என்றால் அதுவும் சட்டக் கேள்விதான் என்று உயர்நீதிமன்றங்கள் ஒரு திட்டிவாசல் வைத்திருப்பது உண்மை. ஆனால் எது விபரீதம் என்பதை நிர்ணயிப்பதும் அதே மேசைதான். கோடு நகரக்கூடியது, நகர்த்தும் கை ஒன்று இருக்கிறது.

மொழியையும் சேர்த்துப் பாருங்கள். கீழ்க்கோர்ட்டில் சாட்சி தமிழில் பேசுகிறார். அரசியல்சாசனத்தின் 348ஆம் பிரிவினால் சென்னையிலும் மதுரைக் கிளையிலும் ஆங்கிலம். 2006இல் உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று சட்டமன்றம் தீர்மானம் போட்டும் அது நடக்கவில்லை. சங்கதி தமிழில் இருக்கிறது, கேள்வி ஆங்கிலத்தில் பிறக்கிறது. தன் வாழ்க்கை எந்த வாக்கியமாக மாறி உள்ளே போயிற்று, அல்லது ஏன் மாறவில்லை என்பது வழக்காடியவருக்கே தெரியாது.

அப்படியானால் வாசலை உடைத்துவிடலாமா? அவசரப்பட முடியாது. முடிவில்லாத அப்பீல் பணக்காரனின் ஆயுதம். இரண்டு கோர்ட்டில் ஜெயித்த விதவையை இருபது வருஷம் வாய்தாவில் வைத்திருக்க அதுவே போதும். வாசல் அவளையும் காக்கிறது. இன்னொரு பக்கம் 102ஆம் பிரிவைப் பாருங்கள்: 25,000 ரூபாய்க்கு மேற்படாத பணவசூல் வழக்குக்கு இரண்டாம் மேல்முறையீடே கிடையாது, கேள்வி எவ்வளவு கனமாக இருந்தாலும். இங்கே கனத்தை நிறுப்பது ரூபாய்.

ஆகவே என் வாதம் வாசல் வேண்டாம் என்பதில்லை. 1976 திருத்தம் ‘பொது முக்கியத்துவம்’ என்ற நிபந்தனையைச் சேர்க்கவில்லை. 2001இல் சந்தோஷ் ஹஜாரி வழக்கில் உச்சநீதிமன்றமும் இதைச் சுட்டிக்காட்டியது. ஒரு குடும்பத்துக்கு மட்டும் கனமான கேள்வியும் கனமானதுதான். 1927 விட்டுவைத்த இந்த இடம் சின்னது, ஆனால் இருக்கிறது. வாய்மொழியையும் வழக்கத்தையும் அந்த இடத்துக்குள் கேள்வியாக்கத் தெரிந்த வக்கீல்கள் வேண்டும். ஒரு கேள்வி ஏன் கேள்வியாகவில்லை என்பதை, கேட்டவருக்குப் புரியும் மொழியில் எழுதித்தரும் நீதிமன்றமும் வேண்டும். சங்கதி என்று ஒதுக்கப்பட்டவற்றைத் திரட்டி வாசித்தால், நம் கிராமங்களின் நிலவரலாறு அங்கேதான் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.