ஒரு மரபணு, மூன்று பெயர்கள்: ஹெர்2 ஏற்பியின் வரலாறு

1987ஆம் ஆண்டு ஜனவரி 9 அன்று ‘சயின்ஸ்’ இதழில் ஆறு பக்கக் கட்டுரை ஒன்று வெளியாயிற்று. அதன் முதல் ஆசிரியர் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டென்னிஸ் ஸ்லாமன். மார்பகப் புற்றுநோயின் வரலாற்றை எழுதுவோர் யாவரும் இக்கட்டுரையைத் திருப்புமுனையாகக் குறிப்பிடுவர். ஆயினும் அம்மரபணுவைக் கண்டறிந்தவர் ஸ்லாமன் அல்லர். அவர் நிறுவியது வேறொன்று. அதன் தன்மையைப் புரிந்துகொள்ள அம்மரபணுவின் பெயர்களிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

முதற்பெயர் ‘நியூ’. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வுக்கூடத்தில், எலிகளின் நரம்பு மண்டலக் கட்டிகளிலிருந்து அது வெளிப்பட்டது. பம்பாயிலிருந்து அங்குச் சென்ற லட்சுமி சரண் பாடியை முதல் ஆசிரியராகக் கொண்ட 1982ஆம் ஆண்டுக் கட்டுரை, அக்கட்டிகளின் டிஎன்ஏ தூண்டும் புரதம் ஒன்றை அடையாளங்கண்டது. இரண்டாம் பெயர் ‘எர்ப்-பி2’. கோழிகளுக்கு இரத்தப் புற்றை உண்டாக்கும் வைரஸின் எர்ப்-பி மரபணுவை ஒத்திருந்ததால் ஜப்பானிய ஆய்வாளர்கள் இட்ட பெயர் இது. மூன்றாவது ‘ஹெர்2’. ஜெனன்டெக் நிறுவனத்தில் ஆக்செல் உல்ரிச்சின் குழுவினர், மனித மேல்தோல் வளர்ச்சிக்காரணி ஏற்பியை ஒத்த இரண்டாம் ஏற்பி என்னும் பொருளில் 1985இல் இப்பெயரைச் சூட்டினர். ஒரு பெயர் நோயைச் சுட்டுகிறது. மற்றொன்று உறவைச் சுட்டுகிறது. இன்னொன்று செயலைச் சுட்டுகிறது. மூன்றும் ஒரே மரபணுவையே குறித்தன என்பது பின்னரே தெளிவாயிற்று.

ஏற்பி என்பது செல்லின் மேற்பரப்பில் நின்று, வளருமாறு வரும் குறிப்பை உள்ளே கடத்தும் புரதம். அதை உருவாக்கும் மரபணுவின் படிகள் மிகுந்தால் ஏற்பிகளும் மிகும். செல் ஓயாது பிரியும். 1985இல் ஒரு மார்பகப் புற்றுக்கட்டியில் இம்மரபணு பெருகியிருப்பதை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தினர் கண்டிருந்தனர். ஆனால் ஒரு கட்டியில் கண்டது விதியா, விலக்கா?

உல்ரிச்சின் உரையொன்றைக் கேட்ட ஸ்லாமன், தாம் திரட்டி உறைநிலையில் காத்துவந்த கட்டி மாதிரிகளில் ஹெர்2வைத் தேடுவதென முடிவுசெய்தார். முதலில் 103 கட்டிகள் சோதிக்கப்பட்டன. நிணநீர்க்கணுக்களுக்குப் பரவிய புற்றுகளோடு இம்மரபணுப் பெருக்கத்துக்குத் தொடர்பிருக்கலாம் என்ற குறிப்பு கிடைத்தது. ஆயினும் அப்பெண்கள் பின்னர் எவ்வாறு வாழ்ந்தனர் என்ற செய்தியின்றி மேலே செல்ல இயலவில்லை. அச்செய்தி டெக்சஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோவில் இருந்தது. ஹார்மோன் ஏற்பிச் சோதனைக்காக வில்லியம் மெக்குவையர் குழுவினர் கட்டிகளைச் சேமித்து, அந்நோயாளிகளின் பிற்கால நிலையையும் பதிவுசெய்து வந்திருந்தனர். அங்கிருந்து பெறப்பட்ட, நிணநீர்க்கணுக்களுக்குப் பரவிய 86 கட்டிகளுள் 34இல் மரபணு பெருகியிருந்தது. அத்தகையோருக்கு நோய் விரைவில் திரும்பியது; ஆயுளும் குறைந்தது.

ஆகவே 1987ஆம் ஆண்டுக் கட்டுரையின் வலிமை ஆய்வுக்கூட நுட்பத்தில் மட்டும் இல்லை. வேறொரு நோக்கத்துக்காகப் பல்லாண்டு பொறுமையுடன் எழுதப்பட்ட பதிவேட்டிலும் இருக்கிறது. பின்னர்ச் சில ஆய்வுக்கூடங்களால் இம்முடிவை உறுதிசெய்ய முடியாமற்போன போது, ஸ்லாமனும் சகஆய்வாளர்களும் மேலும் பல மாதிரிகளை, மரபணு, ஆர்என்ஏ, புரதம் என்னும் மூன்று நிலைகளிலும் சோதித்து 1989இல் விடையளித்தனர்.

அடுத்த கட்டம் மருந்து. ஹெர்2வைப் பற்றும் எலி எதிர்ப்பொருள் 1992இல் மனித உடல் ஏற்கும் வடிவுக்கு மாற்றப்பட்டது. டிராஸ்டுசுமாப் எனும் அம்மருந்துக்கு 1998 செப்டம்பரில் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. 2001இல் வெளியான முடிவுகள்படி, நோய் பரவிய 469 பெண்களிடம் நடந்த சோதனையில், வேதிமருந்து மட்டும் பெற்றோரின் இடைநிலை ஆயுள் 20.3 மாதங்கள், இம்மருந்தும் சேர்த்துப் பெற்றோரின் இடைநிலை ஆயுள் 25.1 மாதங்கள். சிலருக்கு இதயம் பாதிக்கப்பட்டதும் அதே கட்டுரையில் பதிவாகியுள்ளது. தொடக்கநிலை நோயில் அறுவைக்குப் பின் இம்மருந்தை அளித்தால் நோய் திரும்புவது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்பதை 2005ஆம் ஆண்டு ஆய்வுகள் காட்டின.

இந்தியாவில் இவ்வரலாறு விலையின் வரலாறாகவும் தொடர்ந்தது. மருந்தின் விலை பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாததாக இருந்தது. கட்டாய உரிமம் வழங்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்த சூழலில், 2013இல் ரோஷ் நிறுவனம் இங்குத் தன் காப்புரிமையைக் கைவிட்டது. 2014 தொடக்கத்தில் பெங்களூரின் பயோகான் தயாரித்த ஒத்தமருந்து விற்பனைக்கு வந்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் டிராஸ்டுசுமாபை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

2019இல் ஸ்லாமன், உல்ரிச், மைக்கேல் ஷெப்பர்ட் ஆகிய மூவருக்கும் லாஸ்கர் விருது அளிக்கப்பட்டது. மார்பகப் புற்றுநோய் உறுதியான பெண்ணின் நோயியல் அறிக்கையில் ஹெர்2 என்றொரு வரி இன்று தவறாது இடம்பெறுகிறது. அவருக்கு எந்தச் சிகிச்சை என்பதை அது பெரிதும் முடிவுசெய்கிறது. அவ்வரியின் பொருளை முதலில் உறுதிசெய்தவை அந்த 86 பெண்களின் கட்டிகளும் வாழ்நாட் குறிப்புகளுமே. விருதுப் பட்டியல்களில் அவர்களுக்கு இடமில்லை. வரலாற்றில் இருக்க வேண்டும்.