தம்மையே சோதித்துக்கொண்ட பேராசிரியர்: வில்லியம் ஜேம்ஸ்



ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கல்வி உளவியல் பயின்ற எவருக்கும் வில்லியம் ஜேம்ஸ் என்னும் பெயர் புதிதன்று. ஆயினும் அப்பெயர் பெரும்பாலும் ஒற்றை வரியில் வந்து போகும். அமெரிக்க உளவியலின் தந்தை, பயன்வழிக் கொள்கையினர் என்று குறித்துக்கொள்வோம். தேர்வுக்கு அது போதுமானதாக இருந்தது. பணியில் சேர்ந்து பல்லாண்டுகள் கழித்தே அவருடைய நூல்களை நான் பொறுமையாக வாசித்தேன். மனனத்தைப் பற்றி அவர் தம்மேலேயே நிகழ்த்திய ஒரு சோதனை, நம் வகுப்பறைகளுக்கு மிக நெருக்கமானது என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஜேம்ஸ் 1842ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். பாட்டனார் அயர்லாந்திலிருந்து வந்து பெருஞ்செல்வம் ஈட்டியவர். தந்தையார் சிறுவயதிலேயே தீக்காயத்தால் ஒரு காலை இழந்தவர்; சமயச் சிந்தனையில் மூழ்கியவர். புகழ்பெற்ற புதின ஆசிரியர் ஹென்றி ஜேம்ஸ் இவருடைய தம்பி ஆவார். பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளியும் தந்தையாருக்கு நிறைவளிக்கவில்லை. நியூயார்க், இலண்டன், பாரிஸ், ஜெனீவா, பான் எனப் பள்ளிகளை மாற்றிக்கொண்டே இருந்தார். ஆண்டுதோறும் பள்ளி மாற்றக் கடிதத்துடன் வரும் பெற்றோர் நமக்கும் பழக்கமானவர்கள்தாம்! அந்த அலைச்சலில் ஜேம்சுக்குப் பல மொழிகள் வாய்த்தன. ஆனால், தாம் என்னவாகப் போகிறோம் என்னும் தெளிவு மட்டும் வாய்க்கவில்லை.

முதலில் ஓவியம் கற்றார், ஓராண்டுக்குள் கைவிட்டார். 1861இல் ஹார்வர்டில் வேதியியல் பயிலச் சென்றார். 1864இல் மருத்துவத்துக்கு மாறினார். இடையில் இயற்கை அறிஞர் அகாசியுடன் அமேசான் பயணம் சென்று, அங்கே அம்மை நோய்க்கு ஆளானார். 1869இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆனால் ஒரு நாளும் மருத்துவராகத் தொழில் செய்ததில்லை. அக்காலத்தில் அவரைக் கடுமையான மனச்சோர்வு பற்றியிருந்தது. மனிதன் வெறும் இயந்திரமே, அவனுக்கென்று விருப்புரிமை ஏதுமில்லை என்னும் எண்ணம் அவரை வாட்டியது. 1870 ஏப்ரல் 30ஆம் நாள், ரெனூவியே என்னும் பிரெஞ்சு மெய்யியலாரின் கட்டுரையை வாசித்த பின், தமக்கு விருப்புரிமை உண்டு என்று நம்புவதையே தம் முதல் விருப்புச் செயலாகக் கொள்வதாக நாட்குறிப்பில் எழுதினார். அன்றே சோர்வு தீர்ந்துவிடவில்லை. எனினும் 1873இல் ஹார்வர்டில் உடலியல் கற்பிக்கத் தொடங்கியதும் அவர் மெல்ல நிமிர்ந்தார். கற்பிக்கும் பணியே அவரைத் தூக்கி நிறுத்தியது என்று எனக்குத் தோன்றுகிறது.

1875இல் உளவியலைப் பாடமாகக் கற்பிக்கத் தொடங்கினார். அதற்கு முன் அவர் எந்த உளவியல் வகுப்பிலும் அமர்ந்ததில்லை. தாம் கேட்ட முதல் உளவியல் விரிவுரை தாம் ஆற்றியதே என்று பின்னாளில் வேடிக்கையாகக் குறிப்பிட்டார். 1878இல் ஒரு பாடநூல் எழுதித் தருவதாகப் பதிப்பகத்தாரிடம் ஒப்புக்கொண்டார். எழுதி முடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1890இல் ‘உளவியலின் கோட்பாடுகள்’ இரு தொகுதிகளாக, ஏறத்தாழ 1,400 பக்கங்களில் வெளிவந்தது. நான் மேலே குறிப்பிட்ட சோதனை இந்நூலில்தான் இடம்பெற்றுள்ளது.

நினைவாற்றல் ஒரு தசையைப் போன்றது, மனனம் செய்யச் செய்ய அது வலுப்பெறும் என்னும் நம்பிக்கை அக்காலப் பள்ளிகளில் வேரூன்றியிருந்தது. இலத்தீன் செய்யுள்களை உருப்போட்டால் பிற பாடங்களும் எளிதில் மனத்தில் பதியும் என்றனர். ஜேம்ஸ் இதனை வாதத்தால் மறுக்க முனையாமல், கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டார். விக்டர் ஹியூகோவின் நெடும்பாடல் ஒன்றிலிருந்து 158 வரிகளை எட்டு நாள்களில் மனனம் செய்தார். மொத்தம் 131 நிமிடம் 50 நொடி ஆயிற்று. பின்னர், நாள்தோறும் இருபது நிமிடத்துக்கு மேல் உழைத்து, மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ காவியத்தின் முதற்காண்டம் முழுவதையும் 38 நாள்களில் மனனம் செய்தார். இப்பயிற்சிக்குப் பின் ஹியூகோவின் அதே பாடலில் வேறு 158 வரிகளை எடுத்துக்கொண்டார். நினைவுத் தசை வலுத்திருந்தால் நேரம் குறைந்திருக்க வேண்டுமல்லவா? 151 நிமிடம் 30 நொடி ஆயிற்று! முன்பு வரிக்கு 50 நொடி. பயிற்சிக்குப் பின் 57 நொடி.

இரண்டாம் முறை தாம் பிற பணிகளால் களைத்திருந்ததையும் ஜேம்ஸ் மறைக்காமல் எழுதியுள்ளார். வேறு சிலரையும் இவ்வாறு சோதித்துப் பார்க்கச் செய்தார். அவர்களுள் முன்னேற்றம் கண்டவர்களும் உண்டு. அம்முன்னேற்றம் கற்கும் முறை சீரானதால் வந்ததே தவிர, நினைவாற்றல் வளர்ந்ததால் வந்ததன்று என்பது அவர் முடிவு. ஓரிருவர்மேல் நிகழ்த்திய சோதனை பெரிய சான்றாகாதுதான். ஆனால் 1901இல் தார்ண்டைக், வுட்வொர்த் ஆகிய இருவரும் விரிவான ஆய்வுகள் நிகழ்த்தி, ஒன்றில் பெற்ற பயிற்சி மற்றொன்றுக்கு எளிதில் தாவுவதில்லை என்று காட்டினர். இந்தத் தார்ண்டைக் ஜேம்சின் மாணவர். கோழிக்குஞ்சுகளை வைத்து ஆய்வு செய்ய அவருக்கு இடம் கிடைக்காதபோது, ஜேம்ஸ் தம் வீட்டு நிலவறையையே ஒதுக்கிக் கொடுத்தார். வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டமாம்.

1892இல் கேம்பிரிட்ஜ் நகர ஆசிரியர்களுக்கு உளவியல் உரைகள் ஆற்றுமாறு ஹார்வர்டு அவரைக் கேட்டுக்கொண்டது. அவ்வுரைகள் 1899இல் நூலாயின. உளவியல் ஓர் அறிவியல், கற்பித்தல் ஒரு கலை; அறிவியலிலிருந்து கலை நேரடியாகப் பிறப்பதில்லை என்று அவர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். உளவியல் விதிகளிலிருந்து பாடத்திட்டத்தை அப்படியே உருவி எடுத்துவிடலாம் என்று எண்ணுவோர் ஏமாந்து போவர் என்கிறார். பயிற்சிப் பட்டறைகள் பலவற்றில் அமர்ந்து எழுந்த எனக்கு இப்பகுதி பெரும் ஆறுதலாக இருந்தது.

அந்நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஜேம்சுக்கு அறிமுகமான ஒருவர் ஒரு பள்ளிக்குச் சென்று, நிலத்தில் பல நூறு அடி ஆழத்துக்குக் குழி தோண்டினால் அடியில் வெப்பமாக இருக்குமா, குளிராக இருக்குமா என்று மாணவர்களைக் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிள்ளைகளுக்கு விடை தெரியும், நீங்கள் கேட்ட விதம்தான் சரியில்லை என்று கூறிய ஆசிரியை, புத்தகத்தை எடுத்து, பூமியின் உட்பகுதி எந்நிலையில் உள்ளது என்று கேட்டார். பாதி வகுப்பு உடனே ஒரே குரலில், அது தீக்குழம்பாக உருகிய நிலையில் உள்ளது என்று புத்தக வாசகத்தை ஒப்பித்தது!

சிரித்துவிட்டுக் கடந்துவிட முடியாத நிகழ்ச்சி இது. என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி திருக்குறள் ஒன்றையும் அதன் பொருளையும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். “இதை நீ யாரிடம், எப்போது சொல்வாய்?” என்று கேட்டேன். “அது புத்தகத்தில் இல்லையே, டீச்சர்” என்றாள். 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது, ஆனால் செய்யுளும் மொழியணியும் இன்றும் பெரும்பாலும் இவ்வாறே பிள்ளைகள் மனத்தில் அடுக்கப்படுகின்றன. பெற்றோரும் வீட்டில் பொருளை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டு நிறைவடைகின்றனர்.

அப்படியானால் மனனமே வேண்டாம் என்றாரா ஜேம்ஸ்? இங்கேதான் பலர் அவரைத் தவறாகப் படிக்கின்றனர். வெறுமனே படித்தோ கேட்டோ விட்டு, வாய்விட்டுச் சொல்லாத செய்தி மனத்தில் மிக மெலிதாகவே ஒட்டும் என்பது அவர் கருத்து. கிளிப்பிள்ளை முறையை வெறுத்து, வாய்மொழிப் பயிற்சியையே தூக்கி எறிந்துவிடுவார்களோ என்று அஞ்சினார். ஏறத்தாழப் பாடமான ஒரு பகுதி நினைவுக்கு வராதபோது, உடனே நூலைப் பார்ப்பதைவிட உள்ளிருந்து முயன்று மீட்பதே நன்று என்றும் 1890ஆம் ஆண்டு நூலிலேயே எழுதினார். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் ஆகியோரின் ஆய்வு இதனை உறுதிசெய்தது. ஆகவே பிள்ளை தடுமாறும்போது அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்துவிடாமல் சற்றுக் காத்திருப்பது நன்று. அதனுடன் அவர் சேர்த்துச் சொன்னது, ஒரு செய்தி எத்தனை செய்திகளோடு பிணைக்கப்படுகிறதோ அத்தனைக்கு அது நிலைக்கும் என்பது. தேர்வுக்கு முந்திய இரவில் திணித்த பாடம் மறைந்து போவதற்கு, அதற்குப் பிணைப்புகள் இல்லாமையே காரணம் என்று விளக்கினார். குறளை ஒப்பித்த பிள்ளை, அதைத் தன் தம்பியின் செயலோடு, பள்ளித் திடலில் கண்ட சண்டையோடு பொருத்திச் சொல்லட்டும். இதற்குக் கூடுதலாக ஒரு பாடவேளைகூடத் தேவையில்லை.

ஜேம்சின் பிற்கால மெய்யியல் நூல்களைப் பற்றி எழுதத் தனிக் கட்டுரை வேண்டும். 1902ஆம் ஆண்டின் சமய அனுபவங்கள் பற்றிய நூலில் சுவாமி விவேகானந்தரை மேற்கோள் காட்டியவர், 1907ஆம் ஆண்டின் பயன்வழிக் கொள்கை நூலில் அவருடைய ஒருமைக் கோட்பாட்டோடு மாறுபட்டார் என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன். 1910 ஆகஸ்டு 26ஆம் நாள் ஜேம்ஸ் காலமானார்.

நினைவைப் பற்றிய ஆய்வு அவரோடு நின்றுவிடவில்லை. மேரி கால்கின்ஸ் என்னும் பெண்மணி 1890இல் ஜேம்சின் வகுப்பில் சேர்ந்தார். பெண்களை மாணவராக ஏற்காத ஹார்வர்டில் விருந்தினராகவே அமர முடிந்தது. எண்களையும் நிறங்களையும் இணையாகக் காட்டி நினைவைச் சோதிக்கும் முறையை வகுத்தவர் அவர். பிணைப்பு உறுதிப்படுவதற்கு, எத்தனை முறை திரும்பக் கண்டோம் என்பதே முதன்மையானது என்று கண்டார். திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கும் ஆசிரியர் பக்கமும் நியாயம் உண்டு என்பதற்கு, ஜேம்சின் மாணவியே சான்று தந்துவிட்டார்! 1895இல் முனைவர் பட்டத்துக்கான தேர்வில் அவர் சிறந்து விளங்கினார். ஜேம்ஸ் மனமாரப் பாராட்டினார். ஆனால் பல்கலைக்கழகம் பட்டம் தர மறுத்தது. 1902இல் பெண்கள் கல்லூரியான ராட்கிளிஃபின் பட்டத்தை அளிக்க முன்வந்தனர். தாம் பயின்றது ஹார்வர்டில் என்பதால் அதனைக் கால்கின்ஸ் ஏற்கவில்லை. 1905இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் தலைவராக, அப்பொறுப்பை ஏற்ற முதல் பெண்மணியாக, அந்த முனைவர் பட்டம் இல்லாமலேயே அமர்ந்தார்.