தானாகத் தாழும் தங்க ரேக்கு

நிலைமின்சாரத்தைக் கண்டறிவதற்கென்றே செய்யப்பட்ட முதல் கருவி ஓர் ஊசி. லண்டன் மருத்துவர் வில்லியம் கில்பர்ட், காந்தத்தைப் பற்றி 1600-இல் வெளியிட்ட நூலில் அதை விவரித்திருக்கிறார். திசைகாட்டி முள்ளைப் போலவே கூர்முனை ஒன்றின் மேல் சுழலும். ஆனால் காந்தம் ஏற்றப்படாதது. தேய்த்த அம்பரைக் கிட்டே கொண்டுபோனால் அந்தப் பக்கம் திரும்பும். கண்ணாடி, கந்தகம், அரக்கு ஆகியவையும் அம்பரைப் போல ஈர்க்கும் என்று கில்பர்ட் காட்டியது இந்த ஊசியை வைத்துத்தான். ஈர்ப்பு உண்டா என்பதை ஊசி சொல்லும். எவ்வளவு என்பதைச் சொல்லாது.

அளவுக்கு வழிவிட்டது விலக்கு விசை. ஒரே வகை மின்னூட்டம் பெற்ற இரு பொருள்கள் விலகும். மின்னூட்டம் கூடக் கூட இடைவெளியும் கூடும். இயற்பியலாளர் ஜான் கேன்டன் 1750-களில் இதற்கு நூலில் கட்டிய இரு நெட்டிப் பந்துகளைப் பயன்படுத்தினார். டெர்பிஷயரில் பாதிரியாராக இருந்த ஆபிரகாம் பென்னெட், பந்துகளை எடுத்துவிட்டு, காற்றசைவு படாத கண்ணாடிக் குடுவைக்குள் இரு தங்க ரேக்குகளைத் தொங்கவிட்டார். 1787-இல் வெளியான அவரது கட்டுரையின்படி, துருத்தியிலிருந்து ஊதிய சுண்ணாம்புப் பொடி மூடியில் பட்டாலே ரேக்குகள் விரிந்தன. பள்ளிப் பாடநூல்களில் ‘தங்க இலை நிலைமின்காட்டி’ என்று வருவது இதுதான்.

விசையை எண்ணால் அளந்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் கூலும். 1785-இல் அவர் விவரித்த முறுக்குத் தராசில், மெல்லிய வெள்ளிக் கம்பியில் தொங்கும் குச்சியின் நுனியில் ஒரு பந்து. அதன் அருகே அசையாத இன்னொரு பந்து. இரண்டுக்கும் மின்னூட்டியதும் இடைவெளி 36 பாகையாயிற்று. மேலிருந்து கம்பியை 126 பாகை முறுக்கியதும் 18 பாகைக்குக் குறைந்தது. கம்பியில் ஏறிய மொத்த முறுக்கு 144 பாகை, அதாவது 36-இன் நான்கு மடங்கு. தூரம் பாதியானால் விசை நான்கு மடங்கு என்ற விதிக்கு இதைவிட எளிய சான்று கிடைப்பது அரிது.

ஆனால் எந்தக் கருவியிலும் மின்னூட்டம் தங்கவில்லை. எவ்வளவு கவனமாகக் காப்பிட்டாலும் மெல்லக் கசிந்தது; விரிந்த ரேக்கு தானே தாழ்ந்தது. கூலுமே இதைக் கவனித்து ஆராய்ந்தார். ஈரக்காற்றையும் தூசியையும் குறை சொல்வது வழக்கமாக இருந்தது. கதிரியக்கம் தெரியவந்தபின் இன்னொரு காரணம் புலப்பட்டது. கதிர்கள் காற்றை அயனியாக்கும். அயனிகள் மின்னூட்டத்தைக் கவர்ந்துவிடும். அப்படியானால் கசியும் வேகமே கதிரின் அளவு. குறையாகக் கருதப்பட்டது அளவீட்டு முறையாயிற்று. மேரி க்யூரி யுரேனியக் கதிர்களை அளந்தது, காற்றின் வழியே செல்லும் இந்த நுண்ணிய மின்னோட்டத்தைக் கொண்டே.

கதிரியக்கப் பொருள் அருகில் இல்லாதபோதும் கசிவு நிற்கவில்லை. காரணம் பூமிக்கு வெளியே இருக்குமோ என்று ஐயுற்ற இயற்பியலாளர் சி. டி. ஆர். வில்சன், 1901-இல் இரவில் கருவியை ஸ்காட்லாந்தின் ரயில் சுரங்கப்பாதைக்குள் எடுத்துச் சென்றார். வெளியிலிருந்து வரும் கதிரை மேலுள்ள பாறை தடுக்க வேண்டும்; ஆனால் கசிவு குறையாததால் அந்த எண்ணத்தைக் கைவிட்டார். சரியான யோசனை, அதைப் பிடித்துக்கொள்ள அன்றைய கருவியின் நுட்பம் போதவில்லை.

தியோடோர் வுல்ஃப் என்ற ஜெர்மானியப் பாதிரியார் ரேக்குக்குப் பதில் உலோகம் பூசிய குவார்ட்ஸ் இழைகளை வைத்து, தூக்கிச் செல்லத் தக்க மின்னூட்டமானியை உருவாக்கினார். 1910-இல் அதை ஈஃபில் கோபுர உச்சிக்குக் கொண்டுபோனார். கதிர் மண்ணிலிருந்து மட்டும் வந்திருந்தால் அங்கே ஏறக்குறைய மறைந்திருக்க வேண்டும். ஆனால் கசிவு எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் 1912 ஆகஸ்ட் 7-இல் இத்தகைய மூன்று கருவிகளுடன் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறினார். உயர உயரக் கசிவு கூடியது. அதே ஆண்டு ஏப்ரலில் சூரிய கிரகணத்தின்போது பறந்தும் கசிவு குறையாததால், கதிரின் மூலம் சூரியன் அல்ல என்றும் முடிவுசெய்தார். பூமிக்கு வெளியிலிருந்து வரும் இந்த அண்டக்கதிரைக் கண்டறிந்ததற்காக 1936-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.