எட்டு வருஷம் ஒயரிங் வேலை, கையில ஒரு பேப்பர்கூட இல்லையா? எலக்ட்ரிக்கல் லைசென்ஸுக்கு அனுபவத்தை நிரூபிக்க வழி இதோ!

பத்தாவது முடிச்ச கையோட ஒரு மேஸ்திரிகிட்ட சேர்ந்து, சுவரில் காடி வெட்டி, பைப் பதித்து, ஒயர் இழுத்து, டி.பி. கட்டுவது வரை கற்றுக்கொண்டவர்கள் நம்மூரில் ஏராளம். வேலை சுத்தமாக இருக்கும். ஒருநாள் 'நாமளே லைசென்ஸ் எடுத்து தனியா கான்ட்ராக்ட் பண்ணலாமே' என்று தோன்றும். விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தால், 'அனுபவச் சான்று' கேட்கும் இடத்தில் வண்டி நின்றுவிடும். மேஸ்திரிக்கே லைசென்ஸ் இருந்திருக்காது. சம்பளம் எல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் கையில் கொடுத்த ரொக்கம். எட்டு வருஷத்துக்கும் சேர்த்து ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

நீங்க இந்த நிலைமையில் இருந்தாலோ, இப்போதுதான் தொழிலுக்கு வந்திருந்தாலோ, இது உங்களுக்குத்தான்.

முதலில், லைசென்ஸ் எதற்கு? ஃபேன், பல்பு, ஸ்விட்ச், ஃபியூஸ் மாற்றுவது மாதிரியான சின்ன வேலைகளுக்கு வேண்டாம். புதிதாக ஒயரிங் செய்வது, இருப்பதை விரிவாக்குவது, மாற்றியமைப்பது எல்லாவற்றையும் அரசு உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும். அதுவும் தகுதிச் சான்றிதழ் உள்ள ஒருவரின் நேரடி மேற்பார்வையில். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் இதைச் சொல்கின்றன. புது வீட்டுக்கு கரன்ட் கனெக்‌ஷன் கேட்கும்போது ஒயரிங் முடிந்ததற்கான ரிப்போர்ட்டில் லைசென்ஸ் உள்ளவரின் கையெழுத்து கேட்பதும் இதனால்தான். அந்தக் கையெழுத்துக்கு மட்டும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டே பல எலக்ட்ரீஷியன்கள் காலத்தை ஓட்டுகிறார்கள். வேலை உங்களுடையது, பெயர் இன்னொருவருடையது.

தமிழ்நாட்டில் இந்தச் சான்றிதழ்களைக் கொடுப்பது மின் உரிமம் வழங்கும் வாரியம். சென்னை கிண்டி, திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிறது. ஆட்களுக்குத் தகுதிச் சான்றிதழ், தொழில் செய்பவருக்கு ஒப்பந்தக்காரர் உரிமம் என்று இரண்டும் தனித்தனி. தகுதிச் சான்றிதழில் ஒயர்மேன் உதவியாளருக்கு 'எச்', ஒயர்மேனுக்கு 'பி', மேற்பார்வையாளருக்கு 'சி'. ஒப்பந்தக்காரர் உரிமத்திலும் இ.ஏ., இ.எஸ்.ஏ. எனத் தரங்கள் உண்டு. பலரும் குழம்பும் இடம் இதுதான். ஒப்பந்தக்காரர் உரிமம் கேட்கும்போது சான்றிதழ் பெற்ற ஆட்கள், மெக்கர், எர்த் டெஸ்டர் மாதிரியான கருவிகள், பணபலத்துக்கு வங்கிச் சான்று எல்லாம் காட்ட வேண்டும். அனுபவக் கணக்கு அதற்கும் முன்னாடி, தகுதிச் சான்றிதழிலேயே தொடங்கிவிடுகிறது.

டிப்ளமோ, பி.இ. படித்தவர்கள் மேற்பார்வையாளர் சான்றிதழ் பக்கம் போகலாம். ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கும் பாதை ஓரளவு நேரானது. வேலையிலேயே கற்றுக்கொண்டவர்களுக்கான வாசல், மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. ஒயரிங் தொழிலில் 5 வருடத்துக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும், 21 வயது முடிந்திருக்க வேண்டும். மேல் வயது வரம்பு இல்லை என்பது நல்ல செய்தி. 45 வயது அண்ணன்களும் எழுதலாம். தேர்வு அறிவிப்பு வரும்போது பக்கத்து அரசு ஐ.டி.ஐ.யில் விசாரித்தால் விவரம் தெரிந்துவிடும்.

சரி, அந்த 5 வருடத்தை எப்படிக் காட்டுவது?

லைசென்ஸ் உள்ள ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. ஆனால், "இவர் என்னிடம் எலக்ட்ரிக்கல் வேலை பார்த்தார், நல்ல பையன்" என்று எழுதித் தரும் லெட்டரால் பெரிய பிரயோஜனம் இல்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன வேலை (வீட்டு ஒயரிங்கா, த்ரீ-ஃபேஸ் பேனலா, மோட்டார் கனெக்‌ஷனா), எந்த சைட் என்பதெல்லாம் இருக்க வேண்டும். கம்பெனி லெட்டர்ஹெட்டில், லைசென்ஸ் எண், தரம், கையெழுத்து, முத்திரையோடு வாங்குங்கள். நீங்க வேலை பார்த்த காலம் முழுக்க அவருடைய லைசென்ஸ் உயிரோடு இருந்ததா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் ரெனியூவல் பண்ணாமல் விட்டிருந்தால், அந்த மாதங்கள் உங்கள் கணக்கில்தான் இடிக்கும். கேட்கக் கூச்சமாக இருக்கும், கேட்டுத்தான் ஆகணும்.

லெட்டரை வேலையை விட்டு நின்ற பிறகு கேட்காதீர்கள். சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவருக்கு யார் எழுதித் தருவார்கள்? வருஷத்துக்கு ஒருமுறை, தீபாவளி போனஸ் வாங்கும் நல்ல மூடில், அந்த வருஷத்துக்கான லெட்டரையும் வாங்கி ஸ்கேன் செய்து வைத்துவிடுங்கள். வளைகுடா நாடுகளில் இருப்பவர்கள் ஃப்ளைட் ஏறுவதற்கு முன்னாடியே இதை முடிப்பது நல்லது.

லெட்டருக்குத் துணையாக வேறு சில தடயங்களும் உதவும். சம்பளத்தை ரொக்கமாக வாங்காமல் ஜி-பே அல்லது வங்கிக் கணக்குக்குக் கேளுங்கள். மாதாமாதம் ஒரே ஆளிடமிருந்து வந்த பணம் ஸ்டேட்மென்ட்டில் இருக்கும். கம்பெனி பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தால் இன்னும் பலம், பி.எஃப். பாஸ்புக்கை உமங் ஆப்பிலேயே பார்க்கலாம். சைட் போட்டோக்களை போனில் தேதியோடு தனி ஃபோல்டரில் போட்டு வையுங்கள். அது சட்டப்படி சான்று ஆகாது. ஆனால் நாலு வருஷம் கழித்து "எந்த சைட்டுப்பா?" என்று ஓனர் யோசிக்கும்போது கைகொடுக்கும்.

கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டையை வைத்துக்கொண்டு 'எனக்கு லைசென்ஸ் இருக்கு' என்று சொல்பவர்களைப் பார்க்கலாம். அது உதவித்தொகைகளுக்கானது. ஸ்கில் இந்தியா சான்றிதழும் அப்படித்தான், திறமைக்கு அடையாளம், உரிமம் கிடையாது.

'ஐயாயிரம் கொடு, அஞ்சு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றேன்' என்று சொல்பவர்கள் பக்கமே போகாதீர்கள். பொய்ச் சான்று கொடுப்பது போலி ஆவணக் குற்றம். நாளைக்கு நீங்க ஒயரிங் செய்த வீட்டில் யாருக்காவது ஷாக் அடித்தால், விசாரணையில் முதலில் புரட்டுவது உங்கள் ஃபைலைத்தான்.

பழைய மேஸ்திரி லைசென்ஸ் இல்லாதவர், அல்லது உயிரோடு இல்லை என்றால்? அந்த வருஷங்களைப் பேப்பருக்குக் கொண்டுவரப் போராடுவதைவிட, புதுக் கணக்கைத் தொடங்குவதே லாபம் என்பது என் கருத்து. ஒயர்மேன் பிரிவில் மாலை நேர வகுப்பில் தேர்ச்சி பெற்றவர்களும் உதவியாளர் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்புகளில் சொல்லப்படுகிறது. பகலில் வேலை, மாலையில் வகுப்பு. அதோடு, இப்போதே லைசென்ஸ் உள்ள ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்துவிடுங்கள். நாள் கூலி நூறு ரூபாய் குறைந்தாலும் பரவாயில்லை. சேரும் அன்றே கேட்க வேண்டியது ஒன்றுதான்: "அண்ணே, லெட்டர் தருவீங்களா?"